நான்கு வசனமும் ஒரு சாக்கும்

எதிர் வீட்டுப் புஷ்பம் அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது, அவளுக்குப் பைபிள் வாசித்துக் காட்டும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. நான் செவ்வாய்க்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவள். அக்கா ஞாயிறு தவறாமல் செம்பூரிலிருந்து தாராவிக்குத் தமிழ் ஆராதனைக்குப் போகிறவள். இருவரும் தாராவியில் வளர்ந்து, கல்யாணமாகி, செம்பூரில் ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவுக்கு வந்து சேர்ந்தவர்கள். அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. மூத்தவன் தன் போனில் எதையோ இறக்கிக் கொடுத்தான். அது தானாகவே வேதத்தைத் தமிழில் வாசித்தது. அக்கா ஒரு நாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் கதவைத் தட்டினாள்.

"ஏளா சரோசா, அது வாசிக்கது ஸ்டேஷன்ல 'கிருப்பயா த்யான் தீஜியே'ங்குத மாதிரில்லா இருக்கு. ஆண்டவர் பொறக்கப் போறாருன்னு சொல்லுதா, ஸ்லோ டிரெயின் வரப் போவுதுன்னு சொல்லுதான்னு தெரியல. நீ வந்து வாசி."

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் மூன்றாவது சுவிசேஷத்தை எடுக்கச் சொன்னாள். தொழுவமும் மேய்ப்பர்களும் அதில்தான் விவரமாக வருவார்களாம். சாயங்காலத் தேநீருக்குப் பிறகு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமா நடிகை மாதிரி அவள் சோபாவில் சாய்ந்திருந்தாள். நான் வாசிக்க ஆரம்பித்தேன். நான்கு வசனம் ஆனதும் நிறுத்திவிட்டேன்.

"என்னளா, எழுத்து தெரியலையா?"

"எழுத்து தெரியுதுக்கா. இது என்கொயரி ரிப்போர்ட்டுல்லா."

"கோட்டிக்காரி மாதிரிப் பேசாத. மேல வாசி, தேவதூதன் வருவாரு."

நான் மேலே வாசிக்கவில்லை. அந்த நான்கு வசனத்தையும் மறுபடி முதலிலிருந்து, வாய்க்குள் வாசித்தேன்.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் இது புரியும். விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில், ஆட்களைப் பற்றிய விவகாரங்களைக் கவனிக்கும் பர்சனல் டிபார்ட்மென்ட்டில், நான் ஸ்டெனோவாகச் சேர்ந்து ஸ்டெனோவாகவே ரிட்டயர் ஆனவள். படிப்பு பத்தாவது. தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்து போய் டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் கற்றேன். இன்ஸ்டிட்யூட்காரர் என் விரல்கள் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, பார்க்காமல் அடி என்பார். பின்னால் அந்தப் பயிற்சி வேறு வகையில் எவ்வளவு தேவைப்படும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தொழிலாளி மேல் குற்றம் சாட்டினால், வேலையைவிட்டு அனுப்புவதற்கு முன்னால் கம்பெனி ஒரு விசாரணை நடத்தியாக வேண்டும். அதைத்தான் என்கொயரி என்போம். அப்படி நடந்த என்கொயரிகளில் உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் எழுதி, டைப் அடித்து, ரிப்போர்ட் ஆக்கியவள் நான். எனக்குத் தெரிந்து உலகத்தில் உள்ள எழுத்து வகை அது ஒன்றுதான். அதனால்தான் அந்த நான்கு வசனம் என்னைப் பிடித்து நிறுத்தியது.

எழுதியவர் ஒரு பெரிய மனிதரை மரியாதையாக விளித்து எழுதுகிறார். இந்த விஷயத்தைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்கிறார். தான் பார்த்ததாகப் புளுகவில்லை. கண்ணால் பார்த்தவர்கள் சொன்னது நம் கைக்கு வந்திருக்கிறது என்கிறார். தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் விசாரித்திருக்கிறேன், வரிசைப்படுத்தி எழுதுவது நல்லதென்று எனக்கும் பட்டது, நீங்கள் கேள்விப்பட்டது எவ்வளவு உறுதியானது என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம் என்கிறார். அவ்வளவுதான்.

என்னை அசரவைத்தது எது தெரியுமா? எழுதச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. எழுதலாம் என்று அவருக்கே பட்டிருக்கிறது. என் சர்வீஸில் நான் அடித்த ரிப்போர்ட் ஒவ்வொன்றும் 'தங்கள் மேலான உத்தரவுப்படி' என்றுதான் தொடங்கும். உத்தரவு இல்லாமல் ஒருவர் உண்மையை விசாரித்திருந்தால், அவரை விசாரிக்க இன்னொரு என்கொயரி வைத்திருப்போம்.

எங்கள் என்கொயரி ஆபீசர் பரசுராமன் சார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். நாற்காலியில் உட்காரும் முன் கைக்குட்டையை விரித்துக்கொள்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தொழிலாளிகளைக்கூட "உட்காருப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைவிட்டு அனுப்புவார்.

டைம் ஆபீஸை ஒட்டிய அறையில் என்கொயரி நடக்கும். அவர் கேள்வி கேட்பார். ஆள் இந்தியிலோ மராத்தியிலோ தமிழிலோ பதில் சொல்வார். சார் அதை இங்கிலீஷாக்கி என்னிடம் சொல்ல, நான் எழுதிக்கொண்டு போய் டைப் அடித்து வருவேன். பிறகு அந்த ஆளுக்கு அவர் பாஷையிலேயே நான் வாசித்துக் காட்ட வேண்டும். சரி என்று ஒத்துக்கொண்டால் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.

நிஜமான விசாரணை இந்த வாசித்துக் காட்டும் இடத்தில்தான் நடக்கும். கேள்வி கேட்கும்போது எல்லோரும் குனிந்திருப்பார்கள். வாசித்துக் காட்டும்போதுதான் தலை நிமிரும். ஒரு வாட்ச்மேன், "கண்ணு கொஞ்சம் அசந்துட்டுதும்மா" என்று சொல்லியிருந்தார். இங்கிலீஷுக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பி வந்தபோது அது, 'பணி நேரத்தில் வேண்டுமென்றே உறங்கினேன்' என்று ஆகியிருந்தது. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "தூங்குனவன் எப்படிம்மா வேணும்னு தூங்குவான்?" என்று கேட்டார். சார் அதைக் கேட்டுவிட்டு, தத்துவக் கேள்விகளை ரிக்கார்டில் சேர்க்க வேண்டாம் என்றார்.

என் டிராஃப்டில் சார் ஒரு வார்த்தையையும் அடிக்க மாட்டார். பென்சிலால் அம்புக்குறி போடுவார். இந்தப் பத்தி அங்கே போகட்டும், அந்தப் பத்தி இங்கே வரட்டும் என்று அம்பு பறக்கும். "சரோஜா, நான் உண்மையை மாத்தச் சொல்லலே. அதோட இடத்தைத்தான் மாத்தச் சொல்றேன். வரிசைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ?" என்பார். அம்பு பட்ட பத்தி முதலில் மூன்றாம் பக்கத்துக்குப் போகும், அடுத்து கடைசிப் பக்கத்துக்கு, அதற்கடுத்த டிராஃப்டில் காகிதத்தைவிட்டே இறங்கிப் போய்விடும். யாரும் அதை அடித்ததாகச் சொல்ல முடியாது.

இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். மறக்க முடியாதது சேர்மன் விழுந்த கேஸ். இல்லை, விழாத கேஸ். வரிசையாகவே சொல்கிறேன்.

தகட்டை அழுத்தி வடிவமாக்குகிற பிரஸ் ஷாப்பில் ஒரு பெரிய பிரஸ் மெஷின் எண்ணெய் ஒழுக்கிக்கொண்டிருந்தது. எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்திருந்தது. புது சீல் போட்டால் தீர்ந்துபோகிற விஷயம்; பிளாண்ட் மேனேஜர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மெஷினில் வேலை பார்த்தவன் மீரான். கடையநல்லூர்ப் பக்கத்துக் குடும்பம், தாராவியில் மச்சு வீடு, இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். அவன் சொல்லிப் பார்த்து அலுத்து, ஒழுகுகிற இடத்தில் ஒரு கோணிச் சாக்கை விரித்துப் போட்டிருந்தான். சாக்கு எண்ணெயைக் குடித்துக்கொள்ளும்; நிரம்பினால் பெருக்குகிற சகுபாய் வேறு சாக்குப் போடுவாள். அதுதான் ஏற்பாடு.

சேர்மன் வருகிறார் என்று தெரிந்ததும் தரையெல்லாம் துடைத்து, மஞ்சள் கோடு புதிதாக அடித்தார்கள். அன்று காலை சுற்றிவந்த பிளாண்ட் மேனேஜரின் கண்ணில் அந்தக் கறுத்த சாக்கு பட்டது. அசிங்கமாக இருக்கிறது, எடு என்றார். எடுத்தார்கள்.

சேர்மன் வெள்ளை பேன்ட்டில் வந்தார். மெஷினைப் பார்க்கக் கிட்டே போனார். கால் வழுக்கியது. அத்தனை பேர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள், அதனால் ஒரே அமைதி. அந்த அமைதியில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கேட்டது. தொடர்ந்து வேறு மூலையிலும் கேட்டது.

சேர்மன் எழுந்து திரும்பியபோது அவருக்கு நேராக இருந்தது மீரானின் முகம். மீரானுக்கு மேலுதடு கொஞ்சம் குட்டை. முன்பல் வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். தூங்கும்போதும் சிரித்த முகமாக இருப்பதாக அவன் மனைவி சொல்வாளாம். அன்று சாயங்காலமே அவனுக்குச் சார்ஜ் ஷீட் போயிற்று. மேலதிகாரியைப் பார்த்துச் சிரித்து ஒழுங்கைக் குலைத்தான் என்பது குற்றம். நிரூபணமானால் வேலை போகும்.

என்கொயரி தொடங்கியது.

"சிரிச்சியாப்பா?" என்று கேட்டார் பரசுராமன் சார்.

"இல்ல சார். இது மூஞ்சி."

"மூஞ்சின்னா?"

"மூஞ்சியே அப்படித்தான் சார். ஆண்டவன் வச்சது."

'அது தன்னுடைய முகம் என்று தொழிலாளி கூறுகிறார்' என்று எழுதிக்கொண்டேன்.

சாட்சிகள் வந்தார்கள். சிரிப்புக் கேட்டதா என்றால் கேட்டது. யார் சிரித்தது என்றால் தெரியாது, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தவரும் தரையைத்தான் பார்த்திருந்தார், அதற்கடுத்தவரும். அன்று பிரஸ் ஷாப்பில் இருந்த அத்தனை பேரும் தரையைத்தான் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தும் தரையில் எண்ணெய் கிடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பிளாண்ட் மேனேஜர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சகுபாய் மட்டும்தான் சங்கடமே இல்லாமல் பேசினாள். "சாப் கிரா. சப் ஹஸா. மை பீ ஹஸீ." விழுந்தார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாரும் சிரிச்சான்னா எல்லாருக்கும் சார்ஜ் ஷீட் கொடுக்கணுமே. ஷாப்பை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்." பிறகு என்னைப் பார்த்து, "இந்த அம்மா சம்பந்தமில்லாம பேசறா. சுருக்கமா எழுதிக்கோ" என்றார்.

நான் எழுதிய முதல் டிராஃப்ட் சாக்கில் தொடங்கியது. மீரானும் சகுபாயும் பேச்சைச் சாக்கிலிருந்துதான் தொடங்கியிருந்தார்கள். அம்பு வந்தது. சாக்கு மூன்றாம் பக்கம் போயிற்று, பிறகு கடைசிப் பக்கம், பிறகு இல்லை. கடைசி டிராஃப்ட் சிரிப்பில் தொடங்கியது. சிரிப்பில் தொடங்கினால் குற்றவாளி மீரான். விழுந்ததில் தொடங்கினால் எண்ணெய். எண்ணெயில் தொடங்கினால் சீல். சாக்கை எடுத்ததில் தொடங்கினால் பிளாண்ட் மேனேஜர். இதில் எங்கே பொய் இருக்கிறது? எங்கேயும் இல்லை. தொடக்கம்தான் வேறு வேறு.

அதைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது மீரான் நிமிர்ந்தான்.

"அக்கா, சாக்கு எங்க?"

"அது வேற விஷயம்பா" என்றார் சார்.

அவன் சார் பக்கம் திரும்பினான். "சார், எல்லாரையும் கேட்டீங்க. விழுந்தவங்கள கேட்டீங்களா? அவங்களும் பாத்தாங்கல்ல. எனக்கு அவங்கள சாட்சியா கேக்கணும்."

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. சேர்மனைச் சாட்சியாக அழைப்பதா? ஆனால் குற்றம் சாட்டப்பட்டவன் கேட்கிற சாட்சியை மறுத்தால், நாளைக்கு லேபர் கோர்ட்டில் முழு என்கொயரியும் கவிழ்ந்துவிடும். சார் விதிகளுக்குப் பயந்தவர். சேர்மனுக்கும் பயந்தவர். எது பெரிய பயம் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு ஃபோர்ட்டில் இருக்கும் ஹெட் ஆபீஸுக்குப் போனார்.

சேர்மன் அறையில் கால் புதைகிற கம்பளம் இருந்தது. அங்கே யாரும் வழுக்க முடியாது. சார் நின்றுகொண்டே, மன்னிப்புக் கேட்கிற குரலில், ஐயா விழுந்தபோது இந்த ஆள் சிரித்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

சேர்மன் நிமிர்ந்து பார்த்தார். "யார் விழுந்தது?"

சார் என்னைப் பார்த்தார்.

"நான் குனிந்து மெஷினின் கீழ்ப்பாகத்தைப் பார்த்தேன். எழுதிக்கொள்ளுங்கள்" என்று சேர்மன் என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். வெள்ளை பேன்ட்டின் பின்பக்கம் கறுப்பானது எப்படி என்று கேட்கிற அளவுக்கு அந்த அறையில் யாருக்கும் வயது போதவில்லை.

வி.டி. ஸ்டேஷனுக்குத் திரும்பி நடக்கும்போது சாரின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. "கேஸ் முடிஞ்சுது சரோஜா. விழவேயில்லைன்னா விழுந்ததைப் பார்த்து யார் சிரிக்க முடியும்?" என்றார். முடிவுரையை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். சேர்மன் அவர்கள் மெஷினின் கீழ்ப்பாகத்தை மிக அருகிலிருந்து ஆய்வு செய்தார்கள். மெஷின் நல்ல நிலையில் இருந்தது. தொழிலாளியின் முகத்தில் தெரிந்தது, சேர்மன் அவர்கள் தன் மெஷின்மேல் காட்டிய அக்கறையால் உண்டான மகிழ்ச்சி. குற்றம் நிரூபணமாகவில்லை.

மீரான் வேலைக்குத் திரும்பிய அன்று என் மேஜைக்கு வந்தான். "அக்கா, நான் சந்தோசத்துல சிரிச்சேனாம்ல? ஊர்ல வாப்பா கேட்டா என்ன சொல்லட்டும்?"

"வேலை இருக்குன்னு சொல்லு. அது போதும்."

"அது சரி. சாக்கத் திரும்பப் போடலாமாக்கா?"

போட முடியாது. நான் போய்க் கேட்டபோது பிளாண்ட் மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: சேர்மனே குனிந்து பார்த்து நல்ல நிலையில் இருப்பதாக ரிக்கார்ட் ஆன மெஷின் அது. எண்ணெய் ஒழுகவில்லை. ஒழுகாத இடத்தில் சாக்குப் போட்டால், அது சேர்மனைப் பொய்யர் என்பது போல. மெயின்டனன்ஸ்காரர்களும் சீல் கேட்டு எழுதிப் பார்த்தார்கள். எந்த ஒழுக்குக்கு என்று பதில் வந்தது.

இதை நான் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தது மூன்றாவது நாளோ நான்காவது நாளோ. வேதவாசிப்பு அந்த நான்கு வசனத்தைத் தாண்டி நகரவில்லை. முதல் நாள் தேவதூதனுக்கு அவசரப்பட்டவள், இப்போது நான் பைபிளைத் திறந்தால், "தூதன் நிக்கட்டும், அவருக்கென்ன கால் வலிக்கவா போவுது. அந்த மீரான் பையன் கதையச் சொல்லு" என்றாள். அன்று வலுக்கட்டாயமாக மேலே வாசித்தேன்.

ஐந்தாம் வசனத்தில் கதை தொடங்குகிறது. கதாநாயகர் இன்னும் பிறக்கவில்லை; அவருக்கு முன்னால் வரப்போகிறவரும் பிறக்கவில்லை. பிள்ளையில்லாத ஒரு கிழ ஆசாரியர், முறை வந்து கோயிலில் தூபம் காட்டப் போகிறார். ஷிப்ட் டியூட்டி. ஜனங்கள் வெளியே நின்று, உள்ளே போனவர் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மத்த மூணு சுவிசேஷம் எழுதுனவங்களும் இப்படி ஆரம்பிக்கலையாக்கா?"

"ஒருத்தர் பூட்டன் பேரப்பிள்ளைன்னு பேரா அடுக்குவாரு. ஒருத்தர் வனாந்தரத்துல ஆரம்பிப்பாரு. இன்னொருத்தர் ஒலகம் உண்டாவுததுக்கு முன்னாலயே போயிருவாரு. இவருதான் இந்தக் கெழவன் கெழவிகிட்ட வாராரு."

எனக்கு அது பிடித்திருந்தது. இவர் கேட்டுக்கொண்டே போயிருக்க வேண்டும்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதற்கும் முன்னால்? கேட்டுக் கேட்டுக் கடைசியில் யாரும் கவனிக்காத ஒரு கிழத் தம்பதியின் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். அம்புக்குறி போட அவருக்கு மேலே ஒரு பரசுராமன் சார் இல்லை. கோயிலில் தோன்றிய தூதன், உனக்கு ஒரு மகன் பிறப்பான் என்கிறான். கிழவர், இதை எப்படி நம்புவது என்று ஆதாரம் கேட்கிறார். கேட்டதற்குத் தண்டனையாகப் பேச்சு நின்றுவிடுகிறது.

"ஆதாரம் கேட்டதுக்கு ஊமையாக்கிட்டாரே" என்றேன்.

"நம்பணும்ளா. நம்பாதவனுக்கு வாய் எதுக்கு?"

"எங்க ஆபீஸ்ல வேற மாதிரிக்கா. நம்பாம ஆதாரம் கேட்டவனுக்கு பிரமோஷன். பாத்தேன்னு சொன்னவனுக்குத்தான் வாயடைக்கும்."

அக்கா கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். "சரி, அந்தச் சாக்கு இல்லாம என்ன ஆச்சு?"

சகுபாய் விழுந்தாள். மழைக்காலம், தரை ஏற்கெனவே ஈரம். வாளியோடு போனவள் அதே இடத்தில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மீரான்தான் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து தூக்கினான்.

விபத்து ரிப்போர்ட் எழுத வேண்டும். பரசுராமன் சார் அவளைப் பார்க்கும் முன்பே ரிப்போர்ட்டைச் சொல்லி முடித்தார். அதுதான் எங்கள் வழக்கம். 'பொருத்தமற்ற காலணியுடன், கவனமின்றி நடந்து சென்றதால்' என்று தொடங்கியது. காலணி கம்பெனி கொடுத்தது. எண்ணெயைப் பற்றி ஒன்றும் இல்லை, இருக்கவும் முடியாது. சகுபாயின் வாக்குமூலம் என்று ஒரு பக்கம், அவள் வாயால் சொல்வது போல அதிலேயே இருந்தது. கைநாட்டு மட்டும் பாக்கி.

"சார், வாசிச்சுக் காட்டணுமே" என்றேன்.

"ஆஸ்பத்திரியிலயா?"

"ரூல் அப்படித்தானே சார் இருக்கு. நீங்களும் கூட இருக்கணும்."

அவர் விதிகளுக்குப் பயந்தவர் என்று சொன்னேன் அல்லவா. ஆட்டோ பிடித்துப் போனோம். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் சகுபாய் படுத்திருந்தாள். காலைக் கயிறு கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள். முடியாமல் கையை மட்டும் கூப்பினாள். சாருக்கு ஒரு ஸ்டூல் இருந்தது. அன்று கைக்குட்டை விரிக்காமல் உட்கார்ந்தார்.

நான் இந்தியில் வாசித்துக் காட்டினேன். கவனமில்லாமல் நடந்தேன் என்றபோது தலையாட்டினாள். காலணி சரியில்லை என்றபோதும் தலையாட்டினாள். எல்லாவற்றுக்கும் ஹாங், ஹாங் என்று ஒத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. வேலை போய்விடுமா என்று கேட்டாள். சார் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பதில் வராததைப் பார்த்து அவள் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். சாரின் பக்கம் திரும்பி, உதவி செய்கிற மாதிரி, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"சாப், படா சேட் நஹீ கிரா நா? தோ மை பீ நஹீ கிரீ, லிக் தோ."

பெரிய சேட் விழவில்லை அல்லவா? அப்படியானால் நானும் விழவில்லை என்று எழுதிவிடுங்கள்.

அவள் கேலி செய்யவில்லை. ஆபீஸுக்கு அது வசதியாக இருக்கும் என்று நிஜமாகவே நினைத்தாள். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். எடை கட்டிய கயிறு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

மைப்பெட்டி என் பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. சாரும் கேட்கவில்லை. அவர் எழுந்து, அவள் தலைமாட்டில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கை எட்டும் தூரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

ஆட்டோவில் வரும்போது நான் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு, காற்றில் பறக்காமல் கையால் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தேன். கம்பெனி கேட்டில் இறங்கியதும், சார் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சாக்குலேர்ந்து ஆரம்பி."

"எந்தச் சாக்கு சார்? மீரான் போட்டதா, அவங்க எடுத்ததா?"

"போட்டது, எடுத்தது, திரும்பப் போடக்கூடாதுன்னது. எல்லாம்."

"சேர்மன் விழுந்தது சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "விழுந்தாரோல்லியோ" என்றார்.

எழுதினேன். உத்தரவுப்படி என்ற வார்த்தை இல்லாமல் நான் அடித்த முதல் ரிப்போர்ட் அது. சகுபாயின் கைநாட்டை அடுத்த நாள் அவள் சொன்ன சொந்த வார்த்தைகளின் கீழே வாங்கி வந்தேன். சார் அம்பு ஒன்றும் போடாமல் கையெழுத்திட்டார்.

நல்லது நடந்ததா என்று கேட்டாள் புஷ்பம் அக்கா. நடந்த விதத்தில் நடந்தது. புது சீல் ஒரு வாரத்தில் வந்தது. பிளாண்ட் மேனேஜரை இதைவிடப் பெரிய தொழிற்சாலைக்குப் பதவி உயர்த்தி மாற்றினார்கள். பரசுராமன் சாரை என்கொயரி வேலையிலிருந்து எடுத்து, கேன்டீனையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ரிட்டயர் ஆகும் வரை குரோட்டன்ஸ் செடிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். சகுபாய் தாங்கித் தாங்கி நடந்து வந்தாள். டைம் ஆபீஸில் தண்ணீர் பிடித்து வைக்கிற வேலை கொடுத்தார்கள். பெருக்குமாறு இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஒட்டவில்லை. கொஞ்ச காலத்தில் மகனோடு ஊருக்குப் போய்விட்டாள். மீரான் இன்றைக்கும் தாராவியில் இருக்கிறான். பெண்களில் ஒருத்தி நர்ஸ். அவனுக்கு முகம் அப்படியேதான் இருக்கிறது.

"அப்போ யாரு ஜெயிச்சா?" என்றாள் அக்கா.

அதற்கு நான் ஒன்றைச் சொன்னேன். சீல் மாற்றிய பிறகு அந்தத் தரையைக் கொத்திப் புது சிமெண்ட் போட்டார்கள். பிற்பாடு மெஷினையே விற்றுவிட்டார்கள். அந்த இடம் வெறும் தரையாகக் கிடந்தது. நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், புதிதாக வந்த ஒரு ஆபீசரோடு பிரஸ் ஷாப்பைக் கடந்து போனேன். சின்னப் பையன், காண்ட்ராக்ட் ஆட்களின் வேலையை மேம்படுத்த வந்தவன். எதிரே டிராலி தள்ளிக்கொண்டு வந்த ஆள், நேராக வந்தவன், அந்த வெறுந்தரையின் ஓரத்தில் வளைந்து, சுற்றிக்கொண்டு போனான். பின்னால் வந்தவனும் வளைந்தான். இரண்டு பேரும் பீகாரிலிருந்து வந்து சில மாதம்கூட ஆகாதவர்கள்.

ஆபீசர் அவர்களை நிறுத்தி, ஏன் நேராகப் போகாமல் நேரத்தை வீணாக்குகிறீர்கள் என்று கேட்டான். ஒருவன் தரையைப் பார்த்தான். ஒருவன் தனக்கு முன்னால் இருந்தவர்கள் இப்படித்தான் போவார்கள் என்றான். அவர்களுக்கு யார் சொன்னது என்றால் தெரியாது என்றான்.

ஆபீசர் என் பக்கம் திரும்பினான். "மேடம், நீங்கள் பழைய ஆள். இங்கே என்ன இருந்தது?"

"கொஞ்சம் உட்காருங்க சார்" என்றேன். "ஒரு சாக்கு இருந்தது."